ஆமை யார்?

மார்ச் 4, காலை 9.10, தூறல். நிரலாக்க ஆசிரியை, இணையப் பயிற்சியைத் தொடரக் கோரும் மனுவைத் தலைமையாசிரியரிடம் கொடுத்தார்.

"பிள்ளைங்க திரையில விளையாடுறாங்கன்னு பெத்தவங்க புகார் பண்றாங்களேம்மா?"

"கத்துக்கிறாங்க சார். புனைபெயர்ல வர்றதால கூச்சமில்லாம தப்பு பண்றாங்க. 'ஆமை'ன்னு ஒண்ணு வருது. அடைப்புக்குறியைத் திறக்கும், மூடவே மூடாது! திரை தப்பைக் காட்டக் காட்ட, சளைக்காம திருத்தும். வகுப்புலன்னா வாயே திறந்திருக்காது."

"யாரது?"

"தெரியாம மண்டை குடையுது சார்."

தலைமையாசிரியர் தொண்டையைச் செருமினார். மனுவின் ஓரத்தில் எழுதிக் கையெழுத்திட்டு நீட்டினார்.

'தொடரலாம் (அடுத்த ஆண்டும்'

ஆசிரியை மறுபடியும் பார்த்தார். திறந்த அடைப்புக்குறி திறந்தபடியே இருந்தது.