ஃபோர்க்லிஃப்ட் பரீட்சை

கம்பெனி திவாலாகப் போகிறது என்று எங்கள் வின்னிபெக் ஊரில் நாய்க்குக்கூடத் தெரியும். அந்த நேரம் பார்த்து எங்கள் சூப்பர்வைசர் லாய்ட் பரீட்சை வைத்தார்!

"சனிக்கிழமை காலைல ஏழு மணிக்குப் பதினாறு பேரும் வரணும். வெளியிலேர்ந்து ஃபோர்க்லிஃப்ட் ஸ்கூல்காரங்க வர்றாங்க. வராதவங்க வண்டியைத் தொடக்கூடாது."

அந்த மளிகை மொத்த வியாபாரக் கிடங்கில் நான் இருபத்திரண்டு வருஷமாக ஃபோர்க்லிஃப்ட் என்கிற சுமை தூக்கும் வண்டி ஓட்டுகிறவள். எனக்குப் பரீட்சையாம்!

"ஏன் வாத்தியாரே, ஃபெயிலானா வீட்டுக்கு அனுப்பிடுவீங்களா? அதான் கம்பெனியே அனுப்பப் போகுதே!" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். லாய்ட் சிரிக்கவில்லை.

"பேனா எடுத்துட்டு வா, நோரீன்."

மைனஸ் முப்பது குளிரில் மூன்று சனிக்கிழமை. எழுதினோம், ஓட்டிக் காட்டினோம். லாய்ட் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

"துரைக்குப் பரீட்சை கிடையாது போல!" கூட வண்டி ஓட்டும் ட்ரூடி முணுமுணுத்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை கிடங்கை மூடினார்கள். முதலாளி பீட்சா வாங்கிக் கொடுத்து, "நாம எல்லாம் ஒரே குடும்பம்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். குடும்பத்தைத் தெருவில் விட்டுவிட்டு ஃப்ளோரிடாவுக்குப் பறந்துவிட்டார்.

லாய்ட் ஆளுக்கொரு கார்டு நீட்டினார். "பரீட்சை பாஸ் பண்ணின கார்டு. பத்திரமா வெச்சுக்குங்க."

"வேலையே போச்சு, இதை வெச்சு நாக்குதான் வழிக்கணும்!" என்றேன். ஆனாலும் பையில் போட்டுக்கொண்டேன்.

திங்கட்கிழமை பக்கத்துக் கிடங்கில் ஆள் எடுத்தார்கள். எங்கள் கும்பல் மொத்தமும் போய் வரிசையில் நின்றது. நான் வீட்டு வாடகைக் கணக்கைப் போட்டுக்கொண்டு நின்றேன்.

"வெளி ஸ்கூல் கார்டு இருக்கா?" மேஜையில் இருந்த பெண் கேட்டாள்.

"இருபத்திரண்டு வருஷம் ஓட்டியிருக்கேம்மா!"

"இருக்கட்டும். கம்பெனி கொடுத்த அனுமதி கம்பெனியோட போச்சு. கார்டு இல்லாதவங்களை எடுக்கிறதில்லை."

பையைத் துழாவினேன். நாக்கு வழிக்கிற கார்டு கைக்கு அகப்பட்டது.

பதினாறு பேருக்கும் வேலை கிடைத்தது.

கையெழுத்தெல்லாம் போட்டுவிட்டு வெளியே வந்தால், லாய்ட் பஸ்ஸுக்கு நிற்கிறார். அவரும் வரிசையில் எங்களுக்குப் பின்னால் நின்றிருக்கிறார். கார்டு இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம்.

"ஊருக்கெல்லாம் பரீட்சை வெச்சீங்களே, நீங்க எழுத வேண்டியதுதானே?"

அவர் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"ஸ்கூல்ல பதினாறு பேருக்குத்தான் இடம் தந்தாங்க, நோரீன்."