மூன்று லிட்டர்

பட்டறைக்குள் நின்ற காரின் டிக்கியில் வைக்கும் சப்வூஃபர் பெட்டிக்கு உள்ளளவு ஐம்பது லிட்டர் என்று தச்சர் கணக்குப் போட்டிருந்தார். ஸ்பீக்கர் மாட்டுவதற்கு முன், வழக்கம்போல் தெர்மாகோல் மணிகளைக் கொட்டி அளந்தார். நாற்பத்தேழுதான் பிடித்தது. கவிழ்த்து, டார்ச் அடித்துப் பார்த்தார். உள்ளே ஒன்றுமில்லை. மறுபடியும் நாற்பத்தேழு.

"கார்க்காரர் வண்டிய எடுக்க வர்ற நேரமாச்சு. பேசாம மூடித் தொலைங்க" என்றாள் மனைவி.

"மூணு லிட்டர் இடத்த எதுடி அடைச்சுக்கிட்டிருக்கு?"

இருப்புக்கொள்ளாமல் வெளியே போய் டீ குடித்துவிட்டு வந்து அளந்தார். சரியாக ஐம்பது.

"பாத்தீங்களா? உங்க கைதான் தப்பு" என்று சிரித்தாள்.

அவர் சிரிக்கவில்லை. தரையெங்கும் மணிகள் சிந்திக் கிடந்தன. பெட்டியின் காற்றுக்குழாய் வாயிலிருந்து திறந்திருந்த டிக்கிவரை மட்டும், ஒரு சாண் அகலத்துக்குத் துடைத்துவிட்டாற்போல் வழி இருந்தது.

காரின் பின்பக்கம் மெல்லத் தாழ்ந்தது.