ஜமாதானம்

"புதிரில் பிழை இருக்கிறது" என்று கொசு எழுதியிருந்தது.

நான் பெஞ்சிலேயே தலையில் அடித்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்த அக்கா திரும்பிப் பார்த்தாள்.

"இங்க வந்துமா அந்தக் கருமம்? போனை உள்ள வைடி."

வைக்க முடியாது. இன்று எங்கள் வாட்ஸப் குழுவில் புதிர் போடும் முறை என்னுடையது. தினம் ஒருவர் ஒரு புதிர் போடுவார். மற்றவர்கள் மண்டையை உடைத்துக்கொண்டு, போட்டவருக்குத் தனிச்செய்தியில் விடை அனுப்ப வேண்டும். பொதுவில் உளறிவிட்டால் கார்டு மாமா சிவப்புக் கொடி காட்டுவார். ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர்.

என் புதிர் இதுதான்: கூட்டத்துக்குள் தாய் நுழைய, சண்டை ஓய்ந்த நிலை. ஐந்து எழுத்து.

கூட்டம் என்றால் சனம். தாய் என்றால் மாதா. சனத்தின் நடுவில் மாதாவை நுழைத்தால் சமாதானம்.

நான் பல் செட் செய்து பிழைப்பவள். செட்டுக்கும் ஈறுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி விழுந்தாலும் வாயில் நிற்காது. இந்தப் புதிரையும் அப்படித்தான் உரசி உரசிப் பொருத்தியிருந்தேன்.

டாக்டரம்மா காபி ஆறுவதற்குள் கண்டுபிடித்துவிட்டார். கார்டு மாமா கைதட்டும் பொம்மைகளாக அனுப்பித் தள்ளினார். நானும் கொஞ்சம் மிதப்பில்தான் இருந்தேன்.

அப்போதுதான் கொசு வந்தது.

குழுவில் எல்லாருக்கும் பட்டப்பெயர்தான். காதோரம் வந்து நொய் நொய் என்பதால் அதற்கு இந்தப் பெயர். யார் எவ்வளவு நல்ல புதிர் போட்டாலும் ஒரு நொட்டை சொல்லாமல் அதற்குச் சோறு இறங்காது.

தனிச்செய்தியைத் திறந்தேன்.

"சனமா, ஜனமா? ஜனம்னுதானே எல்லாரும் எழுதுறோம்? உங்க கணக்குப்படி விடை ஜமாதானம்."

மண்டை காய்ந்தது.

தலைக்கு மேலே மின்விசிறி சுற்றுவதாகப் பாவனை செய்துகொண்டிருந்தது. "இதோ, கீழதான் நிக்கிறேன்" என்ற வக்கீலம்மா இன்னும் கோர்ட் மாடிப்படி ஏறியபாடில்லை. எதிர்ப் பெஞ்சில் மற்ற தரப்பு உட்கார்ந்திருந்தது. அந்தப் பக்கம் பார்ப்பதில்லை என்று கிளம்பும்போதே முடிவு செய்திருந்தேன்.

"அகராதியைப் பாருங்க. சனம் இருக்கு" என்று தட்டினேன்.

"அகராதியில இருக்கும். யார் வாயில இருக்கு?"

"புதிர் கண்ணுக்கு. வாய்க்கு இல்ல."

"சரி, சனம்னே வெச்சுக்குவோம். அம்மா உள்ள வந்தா சண்டை எப்படி ஓயும்? அனுபவத்துல அப்படி இல்லையே?"



நீளமாக ஒன்று தட்டி, அழித்தேன். அதைவிட நீளமாக இன்னொன்று. அதையும் அழித்தேன். அனுபவமாம், அனுபவம்! கேட்க ஆளில்லாமல் போய்விட்டது.

"என்னடி மூஞ்சி இப்படிச் செவந்து கெடக்கு?" என்றாள் அக்கா.

"வெக்கை" என்றேன்.

கடைசியில் ஒரே வரி அனுப்பினேன். "புதிர்ல அனுபவத்தைப் பார்க்கக் கூடாது. எழுத்தைப் பாருங்க."

கொசு எழுதுவதாகக் காட்டியது. நின்றது. மறுபடி எழுதுவதாகக் காட்டியது. அந்தப் புள்ளிகள் துள்ளுவதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பொறுமை போயிற்று.

பிறகு வந்தது.

"எழுத்து சரியாத்தான் இருக்கு. நல்ல புதிர்."

கொசு யாருக்கும் இப்படி எழுதியதாகக் கேள்விப்பட்டதே இல்லை. அதில் இன்னும் எரிச்சலானேன். குறை சொன்னால் திருப்பிக் கொடுக்கலாம். இதற்கு என்ன பதில் போட்டுத் தொலைப்பது?

உள்ளேயிருந்து எங்கள் வழக்கு எண்ணைக் கூப்பிட்டார்கள். வக்கீலம்மா அங்கியைச் சரிசெய்தபடி படியேறி ஓடி வந்தார். அக்காவை வெளியிலேயே இருக்கச் சொன்னார்கள்.

எதிர்ப் பெஞ்சிலிருந்து கொசு எழுந்தார்.

போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தார். கதவைத் தள்ளி, நான் உள்ளே போகும்வரை பிடித்துக்கொண்டு நின்றார். முகத்தை மட்டும் வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

கல்யாணமான புதிதில் அவர்தான் என்னை அந்தக் குழுவில் சேர்த்துவிட்டார். அங்கே எங்களைப் பற்றி யாருக்கும் தெரியாது. வீடு இரண்டானபோது கட்டில், பீரோ, பாத்திரம் எல்லாவற்றையும் பிரித்தோம். குழுவை விட்டு யார் போவது என்ற பேச்சு மட்டும் எழவே இல்லை. அவரும் போகவில்லை, நானும் போகவில்லை.

குடும்ப நீதிமன்ற ஆலோசகர் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து எங்களை மாறி மாறிப் பார்த்தார்.

"உங்கம்மா கீழ விழுந்து, உங்ககூட வந்து தங்கினதுக்கு அப்புறம்தானே எல்லாம் ஆரம்பிச்சது?" என்று என்னைக் கேட்டார்.

தலையாட்டினேன்.

"சரி. ரெண்டு பேரும் கடைசியா எப்ப பேசிக்கிட்டீங்க?"

"பேச்சு நின்னு ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு, மேடம்" என்றார் வக்கீலம்மா, மூச்சு வாங்கிக்கொண்டே.

ஆலோசகர் அதை எழுதிக்கொள்ளக் குனிந்தார்.

கொசு வாயைத் திறந்தார். எனக்கு அந்த வாயைத் தெரியும். கடைப் பலகையில் ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தால்கூட, உள்ளே போய்ச் சொல்லிவிட்டு வந்தால்தான் அதற்கு அடங்கும்.

நான் அவரைப் பார்த்தேன்.

அவர் வாயை மூடிக்கொண்டார். நானும் திருத்தவில்லை.