எதிர்க்கட்சித் தம்பி

கொண்டுவந்த துணிப்பையைத் தம்பி வீட்டுப் பளிங்குத் தரையில் கவிழ்த்தாள் அக்கா. சாம்பல் பொலபொலவென்று கொட்டியது.

"என்னக்கா இது?"

"என் மொட்டை மாடியில கூட்டினது. எல்லாம் அனல் மின் நிலையத்துப் புகைபோக்கியோட புண்ணியம். இதைத்தான் என் பொண்ணு மூச்சோட சேர்த்து இழுக்கிறா."

தம்பி சட்டமன்ற உறுப்பினர். எதிர்க்கட்சிக்காரன். அவன் பேச எழுந்தால் சபாநாயகரே காதில் அடைக்கப் பஞ்சைத் தேடுவார் என்று கேலி பேசுவார்கள். அக்கா பள்ளிக்கூடத்தில் அறிவியல் ஆசிரியை. நிலக்கரி மின் நிலையங்களைப் பத்து வருடத்தில் மூடிவிட்டு, சூரிய மின்சாரத்துக்கும் காற்றாலைக்கும் மாறச் சட்டம் வேண்டும் என்று அவள் ஏறி இறங்காத அலுவலகம் இல்லை. பார்க்கிறவர்களெல்லாம் ஒளிந்துகொள்கிற அளவுக்கு நச்சரித்ததில், ஒருவழியாக மசோதா நாளைக்குச் சபைக்கு வருகிறது.

"ஆய்வுக் குழுவுக்கு அனுப்பிடப் போறாங்கன்னு பேச்சு அடிபடுது. அங்கே போனா கிணத்துல போட்ட கல்லுதான். நீ எழுந்து ஆதரிச்சுப் பேசுடா. எதிர்க்கட்சியே சரின்னு சொல்லிட்டா அவங்களுக்குத் தட்டிக்கழிக்கச் சாக்கு இருக்காது."

தம்பி சட்டையில் ஒட்டிய சாம்பலைத் தட்டிவிட்டான்.

"நான் எதிர்க்கத்தான் போறேன்."

அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"படுத்தா மூச்சு முட்டுதுன்னு உக்காந்தே தூங்கறாடா அவ. நீயெல்லாம் ஒரு தாய்மாமனா?"

"அரசியல்ல அக்கா தம்பியெல்லாம் பார்க்க முடியாதுக்கா."

"அப்போ இனிமே எனக்குத் தம்பியும் கிடையாது."

துடைப்பத்தோடு வந்த தம்பி மனைவி, "ஒரு வாய் தண்ணியாவது குடிச்சிட்டுப் போங்க அண்ணி" என்றாள்.

"உன் புருஷனுக்கே குடு. நாளைக்குத் தொண்டை கிழியக் கத்தணுமே."

மறுநாள் சட்டமன்றப் பார்வையாளர் மாடத்தில் அக்கா, பக்கத்தில் இருந்தவர்கள் என்ன சொன்னாலும் காதில் ஏறாமல் உட்கார்ந்திருந்தாள். சொன்னபடியே தம்பி எழுந்தான்.

"நிலக்கரி இல்லேன்னா ஊரே இருட்டுல கிடக்கும். வெயில் காயுமா, காத்து அடிக்குமான்னு வானத்தைப் பார்த்துக்கிட்டா அரசாங்கம் நடத்த முடியும்?"

பாவி, உருப்படுவானா என்று மனசுக்குள் சபித்தாள் அக்கா.

"மூடுவாங்களாமே, மூடுவாங்க. அமைச்சர் தன்னோட அறை விளக்கை அணைக்கவே நாலு பேரை யோசனை கேக்கறவரு. இவரா மின் நிலையத்தை மூடப் போறாரு? குழு போடுவாரு. முடிவெடுக்கத் துப்பில்லாதவங்களுக்கு வேற என்ன கதி?"

எதிர்க்கட்சி வரிசையில் ஒரே சிரிப்பு. மின்துறை அமைச்சர் முகம் சிவக்க எழுந்தார்.

"குழுவும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. இன்னைக்கே நிறைவேத்தறோம். அதுவும் பத்து வருஷம் இல்லை, எட்டே வருஷம். உறுப்பினர் வயிறெரிஞ்சு சாகட்டும்."

ஆளுங்கட்சியினர் மேசை உடையத் தட்டினார்கள். குரல் வாக்கெடுப்பில் மசோதா நிறைவேறியது. தம்பியும் அவன் ஆட்களும் போட்ட "இல்லை" அந்தச் சத்தத்தில் அமுங்கிப் போயிற்று.

அக்கா அழுதேவிட்டாள். அழுது முடித்ததும் முதல் வேலையாகத் தாழ்வாரத்தில் தம்பியை வழிமறித்தாள்.

"மூக்கு உடைஞ்சுதா? இப்போ மூஞ்சியை எங்கே கொண்டுபோய் வச்சுக்குவே?"

தம்பி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு அவளைத் தூண் மறைவுக்கு இழுத்தான்.

"போன வருஷம் மின்சாரப் பேருந்துக்காக நானே ஒரு மசோதா கொண்டுவந்தேனே. என்ன ஆச்சு?"

"அன்னைக்கே தூக்கிக் கடாசிட்டாங்க."

"அதுல குத்தம் ஏதாவது இருந்துதா?"

"குத்தம் என்ன குத்தம்? நீ கொண்டுவந்தே, அதான்..."

சொல்லிக்கொண்டே வந்தவள் அப்படியே நின்றாள். வெட்கமா சந்தோஷமா என்று அவளுக்கே பிடிபடவில்லை.

அவன் குரலைத் தாழ்த்தினான்.

"அடுத்து என்ன சட்டம்க்கா வேணும்? முன்கூட்டியே சொல்லிடு, எதிர்த்துப் பேசத் தயார் பண்ணணும்."