தோள் ஏறும்போது

யுத்தம் முடிந்தபின் வரும் முதல் ஆடிக் கிருத்திகை. திருத்தணி மலையடிவாரப் பந்தலில் பூவம்மாள் பாடுகிறாள். மார்ச்சளியில் படுத்து எழுந்தபின் இதுதான் முதல் கச்சேரி. குரல் அறுந்தால் இனி யாரும் கூப்பிடமாட்டார்கள் என்ற பயம் கண்ணில் இருக்கிறது. மேல் ஸட்ஜத்தில் நிற்கிறாள். பக்கத்தில் பிடில் வாசிக்கும் ஜெபரத்தினம் அவள் தோளையே பார்க்கிறான். காலேஜில் கொயர் பாட்டுக்குழுவில் பாடியபோது வந்த பழக்கம். எல்லாரும் ஒன்றாக மூச்சு வாங்கினால் பாட்டு அறுந்துவிடும். அதனால் பக்கத்தில் நிற்பவர் மூச்சு வாங்கத் தோள் ஏறும்போது நாம் சுரத்தை விடாமல் பிடித்திருக்க வேண்டும். இப்போது அவள் தோள் நடுங்கி ஏறுகிறது. வில்லை அழுத்தாமல் நீளமாக இழுத்து, அவள் குரலின் கனத்திலேயே அந்த ஸட்ஜத்தை அவன் ஏந்துகிறான். காவடிச் சலங்கைகள் வெயிலில் மலையேறிப் போகின்றன. மூச்சு வாங்கிய பூவம்மாள் அதே சுரத்துக்குள் திரும்பி வந்ததும் வில் மெல்ல விலகுகிறது. பாட்டு முடிந்து, கைதட்டலுக்கு நடுவே அவள் சாய்ந்து கேட்கிறாள்:

“நைனா, நான் நிறுத்தனது சனத்துக்குத் தெரிஞ்சிச்சா?”

“நீங்க எங்கே நிறுத்தினீங்கக்கா?”

“பொய் சொல்றான் பாரு, சாமி எதிர்ல குந்திகினு!”

சிரித்தபடி அடுத்த பாட்டுக்கு நிமிர்கிறாள். பிடிலுக்கு மூச்சு தேவையில்லை. ஆனாலும் அவள் தோள் ஏறும்போது ஜெபரத்தினமும் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்கிறான்.