யாரும் எடுக்காத கட்டு

வரலாற்றில் முனைவர் பட்டம் கேட்டு அந்த ஆண்டு வந்த ஒரே விளம்பரம் ஆவணக் காப்பகத்தினுடையது. மூன்று மாத ஒப்பந்த வேலை. பத்து ஆண்டுகளாக எந்த ஆய்வாளரும் எடுத்துப் பார்க்காத ஆவணக் கட்டுகளை அவிழ்த்து, காகிதம் கிழிக்கும் இயந்திரத்தில் போட வேண்டும். ஜெசிந்தா சேர்ந்தாள். இரண்டாவது வாரம், அடுக்கின் அடியில் அந்தக் கட்டு கிடந்தது. ஒரு பஞ்ச நிவாரண முகாமில் இறந்தவர்களின் பட்டியல். ஆய்வு மாணவியாக இருந்தபோது இதே காப்பகத்தில் அதைக் கேட்டுப் பதினோரு முறை சீட்டு எழுதியிருக்கிறாள். பதினோரு முறையும் 'இருப்பில் இல்லை' என்று திரும்பி வந்தது. அதைப் பார்க்காமலேயே ஆய்வேட்டை முடித்திருந்தாள்.

கண்காணிப்பாளர் துரைக்கண்ணு பதிவேட்டைப் புரட்டினார். "இத யாரும் எடுக்கலையேம்மா."

"நான் கேட்டேன் சார். பதினோரு தடவ."

"கேட்டதெல்லாம் இதுல ஏறாது. எடுத்தாத்தான் ஏறும்."

"அப்ப இப்பவே என் பேர்ல எடுத்துக்கிறேன்."

"நீங்க இப்ப ஸ்டாஃப். ஆய்வாளரா வரணும்னா பல்கலைக்கழகத்துலேர்ந்து கடிதம் வேணும்."

எந்தப் பல்கலைக்கழகத்திலும் அவள் இப்போது இல்லை என்பது இருவருக்கும் தெரியும். அவர் இயந்திரத்தை ஓடவிட்டார்.

ஜெசிந்தா நாடாவை அவிழ்த்து முதல் தாளை எடுத்தாள். இயந்திரத்தின் வாய்க்கு மேலே அதைப் பிடித்தபடி வாசித்தாள். "காத்தாயி, வயது ஆறு. அவள் தம்பி, பெயர் வைக்கவில்லை."

இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை என்று துரைக்கண்ணு காதருகே கையைக் குவித்துக் காட்டினார். அவள் காத்தாயியிலிருந்து மறுபடியும் தொடங்கினாள், இன்னும் உரக்க.