ஒரு நாள் குறைச்சல்

"கடன் நோட்டீஸ்ல பதினாலு முழு நாள் அவகாசம் தரணும்மா. தபால்ல போன நாளைக் கழிச்சா பதிமூணுதான் தேறுது. பேங்க்காரன் மாட்டிக்கிட்டான்," என்று லோர்னாவிடம் சொன்னார், இங்கிலாந்தின் ராதர்ஹாம் கோர்ட்டு வாசலில் நெவில். வக்கீலுக்குப் படிக்காத சட்டப்புலி.

கடன் பாக்கிக்காக வங்கி எடுக்கப் பார்த்த அவள் வீடு கையில் தங்குமா என்பது அந்த ஒரு நாளில்தான் இருந்தது.

நெவில் சொன்னபடியே வழக்கு தள்ளுபடியானது. வெளியே வந்த வங்கி வக்கீல், "புது நோட்டீஸ் வரும் மேடம். இந்தத் தடவை நாள் கணக்கைச் சரியா எண்ணிப் போட்டுடுறோம்," என்று சிரித்துவிட்டுப் போனார்.

லோர்னா நெவில் பக்கம் திரும்பினாள். "உங்க வீட்டுக் கேஸ் என்னாச்சு நெவில்?"

"மூணு தடவை ஜெயிச்சேன்."

"அப்புறம்?"

"நாலாவது நோட்டீஸ்ல ஒரு குத்தமும் இல்ல," என்றவர், தம் காரின் முன்சீட்டிலிருந்த தலையணையையும் போர்வையையும் பின்னால் தள்ளி, அவள் உட்கார இடம் செய்தார்.